வாரத்தில் அந்த நாலு மணி நேரம்

அமெரிக்காவில் தோன்றிய மார்மன் என்கிற கிறிஸ்தவச் சபை, மதத்தைப் பரப்ப ஊர் ஊராக அனுப்பும் மிஷனரிப் பையன்களைப் பற்றி நண்பர் ஒருவர் போன வாரம் "மதம் மாற்றுவதற்கென்றே கிளம்பிய வெள்ளைச் சட்டைக் கூட்டம்" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் அவர்களைத் தியாகச் சுடர் ரேஞ்சுக்குத் தூக்கி வைத்தார். நான் அமெரிக்காவில், இந்தச் சபையின் தலைமையகம் இருக்கிற யூட்டா மாநிலத்தில், லீஹை பக்கம், இவர்களுக்கு நடுவில் குடியிருக்கிறவன். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை.

எங்கள் தெருவில் எப்போதும் யாராவது ஒரு வீட்டுப் பிள்ளை மிஷன், அதாவது இந்த மதப்பணிக்கு, போயிருக்கும். பக்கத்து வீட்டு மூத்த பையன் 2022-ல் ஃபிலிப்பைன்ஸுக்கு, செபு பக்கம் போனான். வாராவாரம் அவன் எழுதும் மெயிலை அவன் அம்மா தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புவார். எனக்கும் வரும். அங்கே திங்கள் காலை அவன் எழுதும்போது எங்களுக்கு இன்னும் ஞாயிறு சாயங்காலம். மதத்துக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனாலும் அந்த மெயிலை ஒன்றுவிடாமல் படித்தேன்.

எங்கே போவது என்று பையன் தேர்ந்தெடுக்க முடியாது. சால்ட் லேக் சிட்டி தலைமையகத்திலிருந்து எந்த ஊர் வருகிறதோ அந்த ஊர்தான். பதினெட்டு வயது முடிந்தால் போகலாம். 2012 வரை ஆண்களுக்குப் பத்தொன்பது. ஆணுக்கு இரண்டு வருஷம், பெண்ணுக்கு ஒன்றரை வருஷம். ப்ரோவோ பயிற்சி மையத்தில் சில வாரம் செபுவானோ மொழியைத் தலையில் ஏற்றி விமானத்தில் அனுப்பிவிட்டார்கள். காலை ஆறரைக்கு எழவேண்டும், படிக்கவேண்டும், பத்து மணிக்குத் தெருவில் இருக்கவேண்டும், இரவு ஒன்பது வாக்கில் வீடு திரும்பவேண்டும். கூடவே ஜோடியாக இன்னொரு மிஷனரிப் பையன். தூங்கும்போதும் கடைக்குப் போகும்போதும் அவனைப் பிரியக் கூடாது. காதல், சினிமா, நீச்சல் எதுவும் கூடாது. சுற்றிலும் கடல் இருக்கிற செபுவில் நீச்சல் கூடாது! காபி, டீ மிஷனில் மட்டுமல்ல, ஆயுசுக்கும் கிடையாது. 2019-க்கு முன்னால் போயிருந்தால் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டுக்குப் பேசியிருப்பான். இப்போது வாரம் ஒருமுறை பேசலாம்.

அந்த வாரத்துக்குள் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. பிரசங்கம் எதுவும் இல்லாமல் ஊராருக்கு உடம்பால் வேலை செய்வதற்கென்று வாரத்துக்கு நாலு மணி நேரம் போல ஒதுக்குவது வெகுகால வழக்கம். அவன் மெயில்களில் உயிர் இருந்ததெல்லாம் அந்த நாலு மணி நேரத்தில்தான். யாருக்கு எந்தப் பாடம் எடுத்தோம், யார் ஞானஸ்நானத்துக்குத் தேதி குறித்தார்கள் என்கிற பகுதியெல்லாம் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும். அந்த உடம்பு வேலையைப் பற்றி எழுதும்போதுதான் பையனே வெளியே வருவான்.

2021 டிசம்பரில் ஒடெட் புயல் செபுவைப் புரட்டிப் போட்டது. அரை வருஷத்துக்கு அப்புறமும் தார்ப்பாய் போட்ட கூரைகள் இருந்தன. ஒரு பாட்டி வீட்டுக்குத் தகரம் போட இவனும் இவன் ஜோடியும் போனார்கள். ஜோடி மிண்டனாவோக்காரன், ஃபிலிப்பினோ. நம்ம பையன் வீட்டில் மரச்சாமான் வாங்கினால் அலன் கீயோடு வரும், அதைத் திருகிப் பழக்கம். ஆணியைத் தகரத்தின் பள்ளத்தில் அடித்துக்கொண்டே போயிருக்கிறான். மேட்டில் அடிக்கவேண்டும், பள்ளத்தில் அடித்தால் மழைத் தண்ணீர் ஓட்டை வழியாக நேரே பாட்டி பாயில் இறங்கும் என்று மிண்டனாவோக்காரன் எல்லாவற்றையும் பிடுங்கவைத்தான். பிடுங்கிய ஓட்டையெல்லாம் அடைக்கவேண்டுமே, அதற்கு ஒரு மதியம் போனது. உள்ளங்கை கொப்புளத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். துணி துவைக்கக் கற்றுக்கொடுத்ததும் அதே ஜோடிதான்: பேசின் முன்னால் குந்தி உட்கார்ந்து, காலரை விரல் மூட்டில் வைத்துக் கசக்கி. "உங்கள் பையன் காலர் கசக்குகிறானாம்" என்று அவன் அம்மாவிடம் சொன்னேன். வீட்டில் வாஷிங் மெஷின் பொத்தானைக்கூடத் தொட்டதில்லை என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

இதெல்லாம் படிக்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று மெயிலுக்கு ஒருமுறை ஒரு வரி வந்துவிடும்: இவர்களிடம் ஒன்றுமே இல்லை, ஆனாலும் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், எனக்கு எவ்வளவு கற்றுக்கொடுக்கிறார்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூரை இல்லாத பாட்டி இவனுக்குப் பாடம் நடத்துவதற்காக மழையில் நனையவில்லை. வந்த விருந்தாளி முன்னால் சிரித்த முகத்தோடு இருப்பது எந்த ஏழை வீட்டிலும் உள்ள மரியாதை. அதைப் பார்த்து இவர்களுக்குக் குறையே இல்லை என்று முடிவுகட்டுவது பதினெட்டு வயதில் மன்னிக்கக்கூடியதுதான். அதைத் திருத்தாமல் தட்டிக்கொடுக்கும் பெரியவர்களைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நண்பரின் 'மதமாற்றம்' விஷயத்துக்கு வருகிறேன். நடக்கிறது, மறைக்கவும் இல்லை. 1961-ல் மிஷனரிகள் போய் இறங்கிய ஃபிலிப்பைன்ஸில் இன்று சபை உறுப்பினர்கள் எட்டு லட்சத்துக்கும் மேல். கத்தோலிக்க நாட்டில் இது சாதாரணக் கணக்கல்ல. ஆனால் அமெரிக்கப் பையனைப் பொறுத்தவரை சபைக்கு உறுதியாகக் கிடைக்கும் அறுவடை அவனேதான் என்பது என் எண்ணம். இரண்டு வருஷம் தினமும் பிறருக்குச் சொல்லிச் சொல்லி, தான் சொன்னதில் தானே ஊறிவிடுகிறான். திரும்பி வந்ததும் கல்யாணம், குழந்தை, சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை. (பூச்சி மருந்து, திருட்டு அலாரம் விற்கும் யூட்டா கம்பெனிகள் இவர்களைக் கொத்திக்கொண்டு போவது தனிக் கதை. கதவைத் தட்டி நூறு முறை 'வேண்டாம்' கேட்டும் முகம் சுளிக்காத சேல்ஸ்மேன் வேறு எங்கே கிடைப்பான்?) பாதியில் திரும்பி வந்தவன் பாடுதான் திண்டாட்டம். உடம்பு சரியில்லையோ, மனசு சரியில்லையோ, ஊர் வாய் சும்மா இருப்பதில்லை.

எனக்கு உண்மையான சண்டை காசு விஷயத்தில். 2020 ஜூலையிலிருந்து அமெரிக்கப் பையன் தன் மிஷனுக்காக மாதம் 500 டாலர் கட்டவேண்டும். இரண்டு வருஷத்துக்கு 12,000. பையன் தொட்டிலில் இருக்கும்போதே உண்டியல் தொடங்கும் வீடுகள் இருக்கின்றன. இவ்வளவும் எந்தச் சபைக்கு? தன் பங்கு முதலீடுகளை முறையாக வெளிக்காட்டாமல் துணை நிறுவனங்களின் பெயரில் வைத்திருந்ததற்காக, 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்குத் தன் முதலீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து 50 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்ட சபைக்கு. நிவாரணத்துக்கும் நலப்பணிகளுக்கும் 2022-ல் 100 கோடி டாலருக்கு மேல் செலவிட்டதாக அதே சபை கணக்குக் காட்டுகிறது. நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. அவ்வளவு செலவழிக்க முடிந்தவர்கள் ஆணி அடிக்கப் போகும் பையனிடம் மாதச் சந்தா வாங்கவேண்டாமே. வாங்கத்தான் வேண்டும் என்றால், நாலு மணி நேரத்தை நாற்பதாக்கட்டும். மதப் புத்தகத்தை மற்ற நேரத்தில் கொடுத்துக்கொள்ளட்டும்.

இதை அந்த அம்மாவிடமே கேட்டேன். நன்றாகப் பழகியவர், கோபித்துக்கொள்ளவில்லை. "சும்மா கிடைத்தால் அருமை தெரியாது. சொந்தக் காசு போட்டால்தான் பையன் ஒழுங்காக இருப்பான்" என்றார். அப்படியென்றால் மிண்டனாவோக்காரன்? பிற நாட்டுப் பிள்ளைகளுக்கு அந்தந்த நாட்டுக்கு ஏற்ப, வசதியைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். உங்கள் மகனைவிடக் குறைவாகக் கட்டியவன்தானே ஆணியை எங்கே அடிக்கவேண்டும் என்று உங்கள் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தான்? அதற்குச் சரியான பதில் அவரிடமிருந்து வரவில்லை. இளையவனுக்குப் பதினேழு நடக்கிறது, அவனுக்கும் சேர்த்துவைத்தாகிவிட்டது என்றார்.