அவர்களை அழ விடுங்கள்

நேற்று சுனாமி நினைவு நிகழ்ச்சியில் மைக்கில் சொன்னதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "தாய்மார் கொஞ்சம் அமைதியாக இருங்கள், அதிதிகள் பேச வேண்டும்." டிசம்பர் 26 அன்று, கடற்கரையில் வைத்து, பிள்ளையைக் கடலுக்குப் பறிகொடுத்தவளிடம் சொல்கிற சொல்லா இது?

9.25க்கு இரண்டு நிமிட மௌனம். அந்தத் தாய்மாரும் வாயைப் பொத்திக்கொண்டுதான் நின்றார்கள். அது முடிந்த பிறகும் ஏன் அடக்க வேண்டும்? அந்த நாள் அவர்களுடையது.

அங்கே நின்றவர்களில் என் சின்னம்மாவும் ஒருவர். மட்டக்களப்பு நாவலடிக்காரி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, ஓட இடமில்லாத மணல்திட்டு அது. 2004இல் சுனாமி வந்த அன்று ஞாயிறு, போயா என்ற பௌர்ணமி விடுமுறை, பள்ளி விடுமுறைக் காலம்; பிள்ளைகள் எல்லாம் வீட்டில். மகளின் உடல் கிடைத்தது. மகன் கிடைக்கவேயில்லை. ஒவ்வொரு வருடமும் திராய்மடுவில் இருந்து வந்து, ஒரு நெக்டோ சோடாவைத் திறந்து மணலில் ஊற்றிவிட்டுத்தான் அழத் தொடங்குவா. பேர் சொல்லி, அவன் செய்த குழப்படி எல்லாம் சொல்லி அழுவா. நேற்று பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஆட்டோவில் வரும்போது கேட்டா: "நான் ஆருக்கு மனே இடைஞ்சல் செய்தன்?"

நிகழ்ச்சி என்றால் ஒழுங்கு வேண்டாமா என்பீர்கள். சரி, வேண்டும். அதிதி வரும் வரை அவர்களை வெயிலில் நிற்க வைத்தபோது அந்த ஒழுங்கு எங்கே போனது?

"இத்தனை வருடமாகிவிட்டது, இன்னுமா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அழுதுகொண்டே இருந்தால் மனம் ஆறாது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, எங்கள் ஊரில் செத்தவீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துத்தான் கொஞ்சமாவது ஆறுவார்கள். அன்று அதற்கே நேரம் கிடைக்கவில்லை. காரைதீவிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் ஒரே வீட்டில் பல பேர் போனார்கள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேர் வரை. யார் யாருக்கு ஆறுதல் சொல்வது? அப்புறம் முகாம், நிவாரண வரிசை, படிவம், கரையில் இருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்ற அறிவித்தல். 2005இல் நிவாரணத்துக்கென்று அரசும் புலிகளும் கையெழுத்திட்ட பொதுக்கட்டமைப்பு ஒப்பந்தமும் நீதிமன்றத் தடையோடு நின்றுபோனது. அன்றும் மேடையில் பேசினார்கள், நேற்றும் பேசினார்கள். இவர்கள் அன்றும் வாய் மூடி நின்றார்கள், நேற்றும் நிற்கச் சொல்கிறீர்கள்.

அவர்களை அழ விடுங்கள். அடுத்த வருடம் மௌனம் முடிந்ததும் மைக்கை நிறுத்தி வையுங்கள். உரைகளைப் பின்னேரம் ஒரு மண்டபத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்க நானும் வருகிறேன்.