நோய் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

நச்சு பட்டும் இன்னும் நோய் வராதவர்களுக்கு, அந்த நச்சுக்குக் காரணமானவர்கள் பரிசோதனைச் செலவு எதற்குத் தர வேண்டும் என்று நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் கேட்கிறார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1997இல் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான் சாய்ந்தது. நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் குழாய்களைச் சுற்றியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் (புற்றுநோய் உண்டாக்கும் ஒரு நார்க் கனிமம்) உறையைப் பிரித்த தொழிலாளர்கள் உடம்பெல்லாம் வெள்ளைத் தூசி அப்பி வெளியே வருவார்கள். 'பனி மனிதர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். அவர்களில் ஒருவர் வருங்காலப் பரிசோதனைக்கு ரயில் நிறுவனத்திடம் மொத்தத் தொகை கேட்டு வழக்குப் போட்டார். கிடைக்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் புற்றுநோய் வெளியே தெரிய 20, 30 வருடம் ஆகும். அதுவரை ஸ்கேன் செலவு யார் தலையில்?

இந்தச் செலவை யார் கேட்கலாம் என்பதற்கு அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநில நீதிமன்றம் 1999இல் வகுத்த அளவுகோல்தான் எனக்கு நியாயமாகப் படுகிறது. எதிராளியின் தவறால் நச்சு பட்டிருக்க வேண்டும், ஆபத்து கணிசமாகக் கூடியிருக்க வேண்டும், முன்கூட்டியே கண்டறிய வழி இருக்க வேண்டும். சரி, அந்த நோய்க்குச் சிகிச்சை உண்டா? அதை அது நிபந்தனையாக்கவே இல்லை. தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வதே ஒரு உரிமைதானே.

நம் உச்ச நீதிமன்றமும் 1991இல் போபால் விஷவாயு வழக்கில், அறிகுறியே இல்லாத சுமார் 1 லட்சம் பேருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க அரசுக்குச் சொன்னது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.