ரைசன் 9 7950எக்ஸ் 95 டிகிரி தொட்டால் பிராசசர் கெட்டுவிடுமா?

“முழு லோடில் 95 டிகிரி காட்டினால் பிராசசர் சீக்கிரம் செத்துவிடும், உடனே கூலரை மாற்றுங்கள்” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

2022 செப்டம்பரில் வந்த இந்த 16 கோர் சிப்பை ஏஎம்டி வடிவமைத்ததே அப்படித்தான். மின்சாரம் 230 வாட்டைத் தொடும் வரை, அல்லது வெப்பம் 95 டிகிரியை எட்டும் வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும்; பிறகு தானே அடக்கிக்கொள்ளும். சிறிய சிலிக்கானில் இவ்வளவு வெப்பம் குவிவதால், பெரிய கூலர் போட்டாலும் பல நேரம் அதே 95தான் தெரியும், வேகம் மட்டும் சற்றுக் கூடும்.

ஆகவே வெப்பத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், கிளாக்கை (பிராசசர் ஓடும் வேகத்தை) பாருங்கள். பிராசசருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருளை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். எல்லா கோர்களும் 5 கிகாஹெர்ட்ஸ் அருகில் நின்றால் கவலையில்லை. அடிப்படை வேகமான 4.5க்கும் கீழே இறங்கினால்தான் கோளாறு: கூலரின் அடியில் உரிக்காமல் விட்ட பிளாஸ்டிக் தாள், ஒருபக்கமாக இறுகிய திருகு, திரவக் கூலராக இருந்தால் ஓடாத பம்ப் ஆகியவற்றைச் சோதியுங்கள்.

சூடும் சத்தமும் பிடிக்கவில்லையா? பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடை ‘105 வாட்’ என்ற தேர்வில் வையுங்கள். உண்மையான மின் உச்சவரம்பு 230லிருந்து 142 வாட்டாகக் குறையும். கேமிங்கில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.