புராஜெக்ட் ரெடியா அண்ணாச்சி?

சேரன்மகாதேவி பக்கம் வெல்டிங் பட்டறை வச்சு 19 வருஷம் ஆச்சு. கேட்டு, கிரில், டிராக்டர் கலப்பைன்னு வேலை ஓடும். தை பிறந்தா மட்டும் தனியா ஒரு கூட்டம் வரும். பைக்கை ஆஃப் பண்ணாமலே ஒரு அப்பா கேப்பார்: “அண்ணாச்சி, பயலுக்கு ஏழாங்கிளாஸ் புராஜெக்ட். பாவநாசம் அணை மாதிரி ஒண்ணு. தண்ணி விழணும், பல்பு எரியணும். வெள்ளிக்கிழமை தந்துருங்க.” பயல் பின்னால உக்காந்து போனை நோண்டிக்கிட்டு இருப்பான்.

நானும் செஞ்சு குடுத்திருக்கேன், துட்டும் வாங்கியிருக்கேன். ஒரு தடவை என் அணைக்கு முதல் பரிசே கிடைச்சுது. பரிசு வாங்கின பயகிட்ட, “தண்ணி விழுந்தா பல்பு எப்படில எரியுது?”ன்னேன். “உள்ள பேட்டரி இருக்குல்லா மாமா”ன்னான். வாஸ்தவந்தான், பேட்டரிதான் வச்சிருந்தேன்.

இந்த வருஷத்தோட அந்த வேலையை விட்டாச்சு. அதுக்குக் காரணம் ஒரு எட்டாங்கிளாஸ் பய.

போன ஆனியில ஒரு நாள் சாயங்காலம், பழைய சைக்கிளோட முன் சக்கர ஹப்பைத் தூக்கிட்டு வந்தான். யாரும் அனுப்பலை. “மாமா, மயிலு தக்காளியைப் பழுக்க விட மாட்டேங்குது. காத்துல சுத்தி சத்தம் போடுற மாதிரி ஒண்ணு செய்யணும்.” மயிலைக் கல்லெடுத்து எறியவும் முடியாது. 1963-லயே தேசியப் பறவை ஆயிட்டு, 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. பய அதையும் தெரிஞ்சுதான் வந்திருந்தான்.

எண்ணெய் டின்னை வெட்டி நாலு தகடு எடுத்தான். நாலையும் ஹப்புல காத்துக்கு நேரா வச்சு முறுக்கிட்டான். காத்து மூஞ்சியில அறையுது, சக்கரம் அசையலை. எனக்குக் கை அரிக்குது, ‘கொஞ்சம் சாய்ச்சு வைல’ன்னு வாய் வரைக்கும் வந்துட்டு. அடக்கிக்கிட்டேன். சும்மா இருக்கதுதான் இதுல பெரிய பாடு, கேட்டுக்கோங்க. மறுநாள் என் டேபிள் ஃபேனை நிறுத்திட்டு, ரெக்கையை விரலால தடவிப் பாத்துக்கிட்டே நின்னான். “எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சிருக்கு மாமா.” அவ்வளவுதான். அப்புறம் மூணு தகடு ஒரு பக்கம், ஒண்ணு மறுபக்கம்னு வளைச்சு, அது குடிகாரன் மாதிரி ஆடினது தனிக்கதை. ஜி.ஐ. பைப்ல ஹப்பை வெல்ட் வச்சது மட்டும் நான். கட்டிங் வீல்ல அவனைக் கை வைக்க விடலை.

ஒரு சங்கிலியில நட்டு தொங்கும், சுத்துறப்ப எவர்சில்வர் தட்டுல டங் டங்னு அடிக்கும். மூணு நாள் மயில் எட்டிப் பாக்கலை. நாலாவது நாள் அந்தக் கம்பத்து மேலயே வந்து உக்காந்துட்டு.

பள்ளிக்கூடக் கண்காட்சின்னா கதை மூணாவது நாளே முடிஞ்சிருக்கும், சர்டிபிகேட்டும் கைக்கு வந்திருக்கும். இவன் நோட்டுல நாள்வாரியா எத்தனை மயில் வந்துச்சுன்னு எழுதியிருந்தான். “பழகிட்டு மாமா. இடத்தை மாத்திக்கிட்டே இருக்கணும்.” ரெண்டு நாளைக்கு ஒருக்க கம்பத்தைப் பிடுங்கி வேற பாத்தியில நட்டான். முழுசா நிக்கலை, குறைஞ்சிருக்குங்கான்.

இதெல்லாம் பள்ளிக்கூடத்துலயே நடக்கணுங்கேன். ஆறு, ஏழு, எட்டு படிக்கிற பிள்ளைக்கு என்ன செய்யணும்னு தானே தேர்ந்தெடுக்க விடணும். அரசுப் பள்ளிக்கூடத்துல 6 முதல் 8 வரைக்கும் அறிவியலையும் கணக்கையும் கையால செஞ்சு படிக்கணும்னு 2022-ல வானவில் மன்றம் வந்துச்சு. பிள்ளைங்க தானே செஞ்சு பாக்க அடல் டிங்கரிங் லேப்னு ஒரு கூடம் அமைக்க, தேர்வான பள்ளிக்கு மத்திய அரசுல 20 லட்சம் வரைக்கும் தாறாங்க. ஒரு பள்ளிக்கூடத்துல ஜன்னல் சரிபண்ணப் போனப்ப அந்த லேப்பைப் பாத்தேன். முப்பரிமாணப் பிரிண்டருக்கு உறை போட்டு, அறையைப் பூட்டி வச்சிருந்தாங்க. பிள்ளைங்க கெடுத்துரும்லா! வாத்தியார்களையும் குத்தம் சொல்ல முடியாது. நாப்பத்தஞ்சு நிமிஷ பீரியடுல நாப்பது பேரை வச்சுக்கிட்டு அவங்க என்ன செய்வாங்க.

இதைச் சொன்னா நண்பர் ஒருத்தர், “பள்ளிக்கூடத்துல பிள்ளைகளைப் பட்டறை வேலை செய்யச் சொல்லுதீரு, இது குலக்கல்விதானவே?”ங்காரு. நியாயமான கேள்விதான். 1953-ல ராஜாஜி கொண்டு வந்த திட்டத்துல பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். பெரியார் எதிர்த்தாரு, 1954-ல காமராசர் வந்ததும் போச்சு. போக வேண்டியதுதான். எங்க அப்பாவும் கொல்லுப்பட்டறைதான், எனக்கு அந்த வலி தெரியும். அதுல பிள்ளைக்குப் பதிலா சாதி தேர்ந்தெடுத்துச்சு. நான் கேக்குறது நேர் எதிர். வக்கீல் மகளும் பேரிங்ல கிரீஸ் அடைக்கட்டும், கொல்லன் மகன் விரும்பினா ஊர்க் கிணறுகளுக்கு வரைபடம் போடட்டும்.

போன வாரம் ஒருத்தர் வந்தாரு, ராக்கெட் வேணும்னு. “கூலி வேண்டாம். சனிக்கிழமை பிள்ளையை விட்டுட்டுப் போங்க, என்ன செய்யணும்னு அவளே சொல்லட்டும்”னேன். “அவளுக்கு என்ன அண்ணாச்சி தெரியும்?”னாரு. பின்னால உக்காந்திருந்த பிள்ளை மெதுவா, “ராக்கெட் வேண்டாம் மாமா. எங்க ஆச்சிக்கு முறுக்கு உரலை அமுக்க முடியலை, கை வலிக்குங்கா. அதுக்கு ஏதாச்சும் செய்யலாமா?”ன்னா.

அவர் பைக்கை ஆஃப் பண்ணிட்டாரு.