2008 தீர்ப்பு யாரையும் விடுவிக்கவில்லை
"குவாண்டனாமோ கைதிகளை விடுதலை செய்யும்படி 2008-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது" என்று சொல்லப்படுவது தவறு. கியூபாவில் உள்ள அந்த அமெரிக்க ராணுவத் தடுப்பு முகாமின் கைதி பூமெதியன் தொடுத்த வழக்கில் 5-4 பெரும்பான்மையில் நீதிபதிகள் சொன்னது இவ்வளவுதான்: அடைத்து வைத்தது சட்டப்படி சரியா என்று கேட்டு ஆட்கொணர்வு மனு போடும் உரிமை அந்தக் கைதிகளுக்கும் உண்டு, அதைப் பறித்த 2006-ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு செல்லாது. ஒருவரை அடைத்து வைத்திருப்பது சரியா என்பதைக் கீழ் நீதிமன்றம் தனித்தனியாக விசாரிக்க வேண்டியிருந்தது.

அந்த நவம்பரில் மாவட்ட நீதிபதி ரிச்சர்ட் லியோன் பூமெதியன் உட்பட ஐந்து பேரை விடுவிக்கச் சொன்னார். ஆறாவது மனுதாரருக்கு அது கிடைக்கவில்லை. வென்ற பூமெதியனே பிரான்சுக்குப் போய்ச் சேர 2009 மே ஆகிவிட்டது. அதற்குள் அந்த முகாமில் ஏழு ஆண்டுக்கு மேல் கழிந்திருந்தது, அது பெரிய கொடுமை. அப்புறம் வேறு சில கைதிகள் கீழே பெற்ற விடுதலை உத்தரவுகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்தும் செய்தது.