சனிக்கிழமை ராத்திரின்னா சனிக்கிழமை ராத்திரிதான்

வேன் விவகாரத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று குழுவில் ஒரு தம்பி, "மணி பாக்கத் தெரியாதவுகளுக்கெல்லாம் வேன்ல சீட்டுப் போட்டா இப்படித்தான்" என்று எழுத, அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்த பிறகு கை சும்மா இருக்கவில்லை.

அறிவிப்பில் இருந்தது: "சனிக்கிழமை இரவு 12.30, காரைக்குடியிலிருந்து திருச்செந்தூர்." போட்டவர் மனதில் இருந்தது வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டு அடித்து அரை மணி கழித்து. ஆச்சிமார் ஏழு பேர் கட்டுச்சோற்றோடு வந்து நின்றது சனிக்கிழமை ராத்திரி. அதற்குள் வேன் போய், தரிசனம் முடிந்து, திரும்பியும் வந்துவிட்டது.

இதில் மணி பார்க்கத் தெரியாதவர் யார்? நம் பேச்சில் ராத்திரி என்பது போன பகலோடு சேர்ந்தது. சனிக்கிழமை பகல், சனிக்கிழமை சாயங்காலம், அதன் பின்னால் வருவது சனிக்கிழமை ராத்திரி. பன்னிரண்டு மணிக்குத் தேதி மாறும், கிழமை விடிந்தால்தான் மாறும். சனிக்கிழமை விடியக்காலம் 3 மணிக்குப் பிறந்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் சீட்டில் சனி என்று இருக்கும். ஜாதகம் கணிப்பவர் வெள்ளி என்றுதான் போடுவார். இரண்டும் சரி, கணக்கு வேறு. பழைய அழைப்பிதழ்களில் இதற்காகவே "வெள்ளிக்கிழமை இரவு 12.30, விடிந்தால் சனிக்கிழமை" என்று அச்சடிப்பார்கள். 'விடிந்தால்' என்ற அந்த ஒரு சொல்லைப் போட்டிருந்தால் ஏழு பேர் தெருவில் நின்றிருக்க மாட்டார்கள்.

"ரயில்வே மாதிரி 24 மணிக் கணக்கில் எழுதிட்டாப் போச்சு" என்பீர்கள். எழுதுங்கள், நல்லதுதான். ஆனால் 00.30 என்று டிக்கெட்டில் இருக்க, அந்தத் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாக ஸ்டேஷனுக்குப் போய் ரயிலைக் கோட்டைவிட்ட பட்டதாரிகள் எத்தனை பேர்? 15-ஆம் தேதி 00.30 என்றால் 14-ஆம் தேதி ராத்திரியே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மு.ப., பி.ப. போடுவதும் உதவாது. முற்பகல் என்றால் பகலின் முன்பாதி. நடுச்சாமம் எப்படிப் பகலாகும்? வெறும் "12.00" இன்னும் மோசம். பகல் 12 என்றோ நள்ளிரவு 12 என்றோ எழுத வேண்டும். நள்ளிரவு என்றால் எந்த இரண்டு கிழமைக்கு நடுவில் என்றும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பேசாமல் 11.55 என்று போட்டுவிடுங்கள், சண்டையே வராது.

புள்ளியும் ஒரு வம்பு. 7.5 என்று எழுதினால் ஒருவர் ஏழு மணி ஐந்து நிமிடம் என்பார், இன்னொருவர் ஏழரை என்பார். 7.05, 7.30 என்று இரண்டு இலக்கமாக எழுத என்ன கேடு? வாயால் சொல்லும்போது ஏழேகால், ஏழரை, ஏழேமுக்கால் என்று பிசகே இல்லாமல் சொல்லும் ஊர் இது.

"பஞ்சாங்கக் காலம் மலையேறிப் போச்சு" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். சரி அண்ணே. மார்கழியில் நகரத்தார் வீட்டுப் பிள்ளையார் நோன்புக்கு இழை (நூல் திரி ஏற்றிய மாவு விளக்கு) எடுத்துக்கொள்ளச் சஷ்டியும் சதயமும் பார்க்க உங்கள் வீட்டில் யாரைக் கேட்கிறார்கள்? அந்த ஆச்சிமாரைத்தானே? பஞ்சாங்கத்தில் திதிக்கு நேரே நாழிகை 34.20 என்று இருந்தால் அது சூரிய உதயத்திலிருந்து எண்ணியது. நாழிகைக்கு 24 நிமிடம்: 34 நாழிகைக்கு 816 நிமிடம். அந்த 20, விநாழிகை. ஒன்றுக்கு 24 வினாடி, ஆக 8 நிமிடம். மொத்தம் 13 மணி 44 நிமிடம். உதயம் 6.30 என்றால் ராத்திரி 8.14 வரை திதி இருக்கிறது. உதயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு 6.00 என்று வைத்தால் 7.44 ஆகிவிடும். அரை மணி போச்சு.

அந்த 6.00 நம் ஊருக்கு ஒத்தே வராது. 1906 ஜனவரி 1-இல் வந்த இந்திய நேரம் 82½ பாகை தீர்க்கரேகைக்கு உரியது. காரைக்குடி இருப்பது 78.8-ஐ ஒட்டி. பாகைக்கு 4 நிமிடம், ஆகச் சூரியன் நமக்குக் கால் மணி பிந்தித்தான் உச்சிக்கு வரும். பிப்ரவரி நடுவில் 12.29 வரைகூடப் போகும், நவம்பர் தொடக்கத்தில் 12-க்கே வந்துவிடும். திங்கட்கிழமை ராகுகாலம் 7.30 முதல் 9.00 என்று ஒப்பிக்கிறோமே, அது 6-க்கு விடிந்து 6-க்கு அடைந்தால்தான். ஜனவரி கடைசியில் உதயம் 6.36, அஸ்தமனம் 6.18 என்று வைத்துப் பகலை எட்டாகப் பங்கிட்டுப் பாருங்கள், திங்களுக்கு இரண்டாம் பங்கு: 8.04 முதல் 9.31. ராகுவை நம்பச் சொல்லவில்லை; பார்ப்பதென்றால் கணக்காகப் பாருங்கள் என்கிறேன். எங்கள் அப்பத்தா வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) தூண் நிழல் எந்தப் பத்தியில் விழுகிறது என்று பார்த்து உலை வைப்பார். கடிகாரம் பட்டாலையில் (கூடத்தில்) மாட்டியிருந்தது, சாவி கொடுப்பது அய்யா வேலை. அவ்வளவுதான் அதற்கு மரியாதை.

"இரவு 3 மணியா, விடியக்காலம் 3 மணியா, அதிலேயே குழப்பம் இருக்கே?" இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 12.30-ஐ அதிகாலை என்று எந்த ஆச்சியும் சொல்ல மாட்டார்.

எனக்குக் கோபம் எழுத்துப் பிழை மேல்கூட இல்லை. ராத்திரி ஒன்றரை வரை ஆச்சிமார் பூட்டின டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு எழுபத்தெட்டு வயது. அறிவிப்புப் போட்டவருக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. மறுநாள் ஒரு வார்த்தை "தப்பாப் போட்டுட்டேன் ஆச்சி" என்று சொல்லியிருந்தால் அவர்களே சிரித்துக்கொண்டு போயிருப்பார்கள். மணி பார்க்கத் தெரியாதாம்!

ஏழு பேரும் கட்டின வேன் காசு இன்னும் திரும்பி வரவில்லை. சனிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். பகலில்.