மாஸ்டடானில் வீடியோவை நேரடியாக ஏற்றாதீர்கள்

வீடியோவை பியர்டியூபில் (பலர் தனித்தனி சர்வர்களில் நடத்தும் வீடியோ தளம்) ஏற்றுங்கள். அதேபோல் பல சர்வர்களில் ஓடும் சமூக வலைத்தளமான மாஸ்டடானில் அதைப் பகிர்ந்தால் போதும். நன்கொடையில் ஓடும் சர்வர்களுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

இரண்டும் சர்வர்களுக்குள் பதிவுகளைப் பரிமாறும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையில்தான் பேசுகின்றன. ஆனால் மாஸ்டடானில் 80 எம்பி வீடியோ போட்டால், உங்களைப் பின்தொடர்பவர்கள் இருக்கும் சர்வர்கள் பொதுவாக ஆளுக்கொரு நகலை இறக்கி வைத்துக்கொள்ளும். 300 சர்வர் என்றால் 24 ஜிபி. ஒருவரும் பார்க்காவிட்டாலும் இந்தச் செலவு உண்டு. பியர்டியூப் தலைப்பு, விவரம், முகப்புப் படம் போன்றவற்றைத்தான் அனுப்பும். கோப்பு ஏற்றிய இடத்திலேயே இருக்கும்.

அதற்காக பியர்டியூபில் செலவே இல்லை என்று நினைக்க வேண்டாம். நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் 10 நிமிடம் என்பது 300 எம்பி. ஆயிரம் பேர் முழுதாகப் பார்த்தால் 300 ஜிபி. பார்ப்பவர்களின் பிரவுசர்களே துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளுமே என்பார்கள். பலர் ஒரே நேரத்தில் பார்த்தால்தான், முக்கியமாக நேரலையில், அது கைகொடுக்கும். நாளுக்கு ஐந்து பேர் பார்க்கும் வீடியோவில் பரிமாற ஆள் ஏது? தவிர, உங்கள் ஐபி முகவரி மற்ற பார்வையாளர்களுக்குத் தெரியவரும். வேண்டாம் என்றால் அமைப்புகளில் அணைத்துவிடலாம்.

சர்வரைத் திணறடிப்பது டிரான்ஸ்கோடிங்தான், அதாவது ஏற்றிய வீடியோவைப் பல அளவுகளுக்கு மாற்றும் வேலை. 1080, 720, 480, 360 என எல்லா அளவையும் டிக் செய்து, மூலக் கோப்பையும் சேமித்தால், இரண்டு கோர் விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) மணிக்கணக்கில் முழுச் சுமையில் நிற்கும். தளம் திறக்கவே திணறும். 720, 360 இரண்டும் போதும், ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் ஓடட்டும். 2023-இல் பியர்டியூப் 5.2 பதிப்போடு ரிமோட் ரன்னர் வந்துவிட்டது. சும்மா கிடக்கும் கணினி ஒன்றிடம் இந்த வேலையை ஒப்படைக்கலாம். இதை இன்னும் பல சர்வர்கள் பயன்படுத்தாதது எனக்கு வருத்தம்தான்.

ஏற்றுபவர்களே, ஃபோனில் எடுத்த 4கே கோப்பை அப்படியே தள்ளாதீர்கள். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் எச்.264 வடிவம், 720பி, 30 ஃபிரேம், தரத்துக்கு ஆர்எஃப் 23, ஒலிக்கு ஏஏசி 128 வைத்து மாற்றுங்கள். 'வெப் ஆப்டிமைஸ்டு' டிக் செய்ய மறக்க வேண்டாம். இப்படிக் கொடுத்தால் அந்த அளவுக்கு மறுபடி என்கோட் செய்யும் வேலை பல சமயம் சர்வருக்கு மிச்சம்.

நிர்வாகிகளுக்கு: வீடியோவையும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையும் ஒரே வட்டில் வைக்காதீர்கள். வட்டு நிறைந்தால் தரவுத்தளம் எழுத முடியாமல் தளமே விழுந்துவிடும். ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு (கோப்புகளை வைக்கும் தனிச் சேமிப்புச் சேவை) மாறினால் கோர்ஸ் அமைப்பை, அதாவது வேறு தளத்திலிருந்து கோப்பை எடுக்க பிரவுசருக்கு அனுமதி தரும் அமைப்பை, சரிபாருங்கள். அது தப்பினால் ஏற்றம் முடிந்ததாகக் காட்டும், வீடியோ மட்டும் ஓடாது. ஒருவர் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு மொத்தக் கோட்டா, தினசரிக் கோட்டா இரண்டையும் போடுங்கள். புதியவர்களின் வீடியோக்கள் மாடரேட்டர் பார்த்த பிறகே வெளிவரட்டும். திறந்த பதிவும் வரம்பற்ற கோட்டாவும் சேர்ந்தால் திருட்டுப் படங்கள் வந்து குவியும்.

எந்தச் சர்வரில் ஏற்றினாலும் மூலக் கோப்பின் ஒரு பிரதி உங்கள் வட்டில் இருக்கட்டும். தன்னார்வச் சர்வர் மூடப்படும்போது வீடியோவும் அதோடு போய்விடும்.